உண்டது எங்கே போகிறது? உயிர்களின் வளர்ச்சிக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தத் துறை எதைத்தான் கணக்கிடுகிறது?

ஓர் உயிருக்குள் எவ்வளவு ஆற்றல் வருகிறது, அது எந்தெந்த வேலைக்குப் போகிறது, அதனால் உடல் எந்த வேகத்தில் வளர்கிறது, எப்போது முட்டையிடத் தொடங்குகிறது, எந்த அளவில் வளர்ச்சி நின்றுபோகிறது. இவற்றையெல்லாம் சமன்பாடுகளாக எழுதுவதுதான் இந்தத் துறையின் வேலை. அடிப்படையில் இது ஒரு வரவு செலவுக் கணக்கு. ஆற்றல் எங்கிருந்தோ முளைப்பதில்லை, சொல்லாமல் காணாமல் போவதும் இல்லை. ஆகவே உண்டது முழுவதற்கும் எங்காவது கணக்கு இருந்தாக வேண்டும்.

உயிருள்ள உடலுக்கும் இந்த விதி பொருந்துமா என்பது ஒரு காலத்தில் திறந்த கேள்விதான். 1782-83 குளிர்காலத்தில் பிரெஞ்சு அறிவியலாளர்கள் லவாய்சியரும் லாப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்தார்கள். உருகி வந்த நீரை அளந்து, அதன் உடல் வெளிவிட்ட வெப்பத்தைக் கணக்கிட்டார்கள். அந்த வெப்பத்தை அது மூச்சில் விட்ட கரியமில வாயுவோடு ஒப்பிட்டு, மூச்சு என்பது மெதுவாக நடக்கும் எரிதல் என்ற முடிவுக்கு வந்தார்கள். உயிர் வெப்பத்தைக் கணக்குக்குள் கொண்டுவந்த முதல் முயற்சிகளில் இது ஒன்று. நாம் இன்று எழுதும் சமன்பாடுகள் அதே பாதையில் வந்தவை.

நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாலும் வளர்ச்சி ஏன் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பதிலுக்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும், பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உயிரைக் கனசதுரம் என்று வைத்துக்கொள்வோம். உணவு உள்ளே வருவது ஏதோ ஒரு பரப்பின் வழியாக: குடலின் சுவர், செவுள், இலை. எனவே வரவு, புறப்பரப்பைப் பொறுத்தது. உடலை உயிரோடு வைத்திருக்கும் செலவு அப்படியல்ல. புரதங்களைப் புதுப்பிப்பது, செல்களுக்குள் உப்பின் அளவைச் சரியாக வைப்பது போன்ற வேலைகள் உடலின் ஒவ்வொரு துளியிலும் நடக்கின்றன. அந்தச் செலவு கன அளவைப் பொறுத்தது.

பரப்பில் ஓர் அலகுக்கு 1 வரவு, கன அளவில் ஓர் அலகுக்கு 1 செலவு என்று கொள்வோம். பக்கம் 1 என்றால் பரப்பு 6, கன அளவு 1, மிச்சம் 5. பக்கம் 2 என்றால் வரவு 24, செலவு 8, மிச்சம் 16. பக்கம் 3 என்றால் 54, 27, மிச்சம் 27. பக்கம் 4 என்றால் 96, 64, மிச்சம் 32. பக்கம் 5 என்றால் 150, 125, மிச்சம் 25. பக்கம் 6 என்றால் வரவும் 216, செலவும் 216. மிச்சம் எதுவும் இல்லை. வளர்ச்சி அங்கே நிற்கிறது.

உடல் வளர மறுத்ததால் இது நடக்கவில்லை, வளர்வதற்கு மீதம் இல்லாததால் நடந்தது. மிச்சம் மிக அதிகமாக இருந்தது பக்கம் 4-ல், அதாவது இறுதி நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கில். இந்த மூன்றில் இரண்டு கீழே மறுபடியும் வரும்.

இப்போது உணவைப் பாதியாகக் குறையுங்கள். பக்கம் 3 ஆகும்போதே வரவு 27, செலவு 27. இறுதி நீளம் பாதியாகிவிட்டது, உடல் எடையோ எட்டில் ஒரு பங்காகிவிட்டது. ஒரே இனத்து மீன் வளமில்லாத குளத்தில் ஏன் அவ்வளவு சிறிதாக நின்றுபோகிறது என்பதற்கான அடிப்படை விளக்கம் இது.

பெர்ட்டலான்ஃபி வளைவு என்கிறார்களே, அது இதுதானா?

ஆமாம், மேலே போட்ட கணக்கை நுண்கணிதத்தில் எழுதினால் வருவது அந்த வளைவுதான். 1920-ல் புட்டர் இந்த எண்ணத்தை முன்வைத்தார். 1938-ல் ஆஸ்திரிய உயிரியலாளர் லுட்விக் ஃபான் பெர்ட்டலான்ஃபி அதை விரிவாக்கினார். 1957-ல் பெவர்ட்டனும் ஹோல்ட்டும் மீன்வளக் கணக்கில் பயன்படுத்திய பிறகு அது எங்கும் பரவிவிட்டது.

சொற்களில் சொன்னால்: நீளம் வளரும் வேகம், இறுதி நீளத்தை எட்ட இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறதோ அதற்கு நேர்விகிதம். இறுதி நீளம் 40 செ.மீ., வளர்ச்சி வீதம் ஆண்டுக்கு 0.3 என்று ஒரு கற்பனை மீனை எடுத்துக்கொள்வோம். தொடக்க நீளத்தைப் பூச்சியம் என்று வைத்தால் முதல் ஆண்டு முடிவில் அது 10.4 செ.மீ., இரண்டாம் ஆண்டில் 18, மூன்றாம் ஆண்டில் 23.7, ஐந்தாம் ஆண்டில் 31.1, பத்தாம் ஆண்டில் 38 செ.மீ. நீளத்தை மட்டும் பார்த்தால் நாளுக்கு நாள் வேகம் குறைந்துகொண்டேதான் போகிறது. எடையைப் பார்த்தால் கதை வேறு. எடை முதலில் மெதுவாக ஏறி, பிறகு வேகம் பிடித்து, அப்புறம் தளர்கிறது. எடை மிக வேகமாக ஏறுவது நீளம் மூன்றில் இரண்டு பங்கை எட்டும்போது. அப்போது எடை, இறுதி எடையில் 27-க்கு 8 பங்கு, ஏறக்குறைய 30 சதவீதம். நம் மீனுக்கு அது சுமார் 3.7 வயதில் நடக்கிறது.

அந்த வளைவே போதாதா? இன்னும் சிக்கலான கோட்பாடு எதற்கு?

உணவு மாறாமல் இருக்கும்வரை போதும். அதுதான் அதன் எல்லையும்கூட.

உணவு இன்று உண்டு, நாளை இல்லை என்றால் என்ன ஆகும்? மேலே சொன்ன கணக்கில் வரவு நின்ற நொடியே வளர்ச்சியும் நிற்க வேண்டும், பராமரிப்புக்குப் பணமில்லாமல் உடல் அந்த நொடியே இடிய வேண்டும். நிஜ உயிர்கள் அப்படி நடந்துகொள்வதில்லை. பாசிகளை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நீரிலிருந்த சத்து முழுவதும் தீர்ந்த பிறகும் பாசி செல்கள் கொஞ்ச நேரம் பெருகிக்கொண்டே இருக்கும். மைக்கேல் ட்ரூப் 1968-ல் வைட்டமின் பி12 பற்றி வெளியிட்ட ஆய்வில், வளர்ச்சி வெளியே இருக்கும் சத்தைப் பொறுத்ததல்ல, செல்லுக்குள் சேர்த்து வைத்திருக்கும் சத்தைப் பொறுத்தது என்று காட்டினார்.

இந்தத் துறையைப் பற்றி ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். உண்பதும் வளர்வதும் நேரடியாகக் கோக்கப்பட்டவை அல்ல, நடுவில் ஒரு சேமிப்பு இருக்கிறது. சேமிப்பைக் கணக்கில் சேர்த்தவுடன், தனித்தனிப் புதிர்களாகத் தெரிந்த முட்டையின் மூச்சு, பட்டினி, சுண்டெலிக்கும் யானைக்கும் உள்ள வேறுபாடு எல்லாம் ஒரே கணக்கின் பக்கங்களாகின்றன.

டெப் கோட்பாடு என்றால் என்ன?

இயங்கு ஆற்றல் வரவுசெலவுக் கோட்பாடு என்று தமிழில் சொல்லலாம். ‘டைனமிக் எனர்ஜி பட்ஜெட்’ என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘டெப்’ என்பார்கள். நெதர்லாந்தின் பாஸ் கோய்மன் 1979-ல் இதைத் தொடங்கினார். தொடக்கம் ஒரு நடைமுறைச் சிக்கல்: நச்சுப் பொருள்கள் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளின் இனப்பெருக்கத்தை எப்படிப் பாதிக்கின்றன? முட்டை எண்ணிக்கை குறைந்தது என்று மட்டும் சொன்னால் போதவில்லை. ஏன் குறைந்தது என்று கேட்டால், அது உண்ட உணவு எப்படி முட்டையாகிறது என்ற முழுக் கதையும் வேண்டும். அந்தக் கதையை எழுதப் போனவர் ஒரு கோட்பாட்டையே எழுதிவிட்டார். பின்னர் ஆம்ஸ்டர்டாமின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து அதை வளர்த்தார்.

அதன் நிலையான வடிவத்தில் ஒரு விலங்கை நான்கு எண்கள் விவரிக்கின்றன. முதலாவது சேமிப்பு. இரண்டாவது கட்டமைப்பு, அதாவது தொடர்ந்து பராமரிக்க வேண்டிய உடல். மூன்றாவது முதிர்ச்சி. நான்காவது, பிள்ளைப்பேற்றுக்கு ஒதுக்கி வைத்த கையிருப்பு.

உண்ட உணவு செரித்து முதலில் சேமிப்புக்குள் போகிறது. எல்லாச் செலவும் சேமிப்பிலிருந்துதான். சேமிப்பிலிருந்து எடுக்கும் வேகம், உடலில் சேமிப்பு எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதையும் உடலின் அளவையும் பொறுத்தது. இன்றைக்கு என்ன உண்டது என்பதை அல்ல. பெரிய உடலில் சேமிப்பு மெதுவாகக் கரையும்.

முதிர்ச்சி என்பது பலரைக் குழப்பும் எண். அதற்கு எடை கிடையாது. உடல் தன்னைச் சிக்கலாக்கிக்கொள்ள, உறுப்புகளையும் ஒழுங்குமுறைகளையும் அமைத்துக்கொள்ள, இதுவரை செலவழித்த ஆற்றலின் மொத்தம் அது. அந்த மொத்தம் ஒரு வரம்பைத் தொடும்போது கரு உண்ணத் தொடங்குகிறது. கோட்பாட்டில் ‘பிறப்பு’ என்பது இதுதான். அடுத்த வரம்பைத் தொடும்போது பருவமடைகிறது. குறைவாக உண்ட விலங்கு பருவமடையத் தாமதமாகும். ஆனால் அப்போது அதன் உடல் அளவு, நன்றாக உண்டதன் அளவிலிருந்து பெரிதாக வேறுபடாமல் இருப்பதைப் பல இனங்களில் பார்க்கலாம். உடல் நாள்காட்டியைப் பார்த்துப் பருவமடைவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

சேமிப்பு என்பது கொழுப்புதானே?

கொழுப்பும் அதில் அடக்கம், ஆனால் அது மட்டும் அல்ல. புரதம், மாவுச்சத்து எல்லாம் சேமிப்பின் பகுதியாக இருக்கலாம். உடலை அறுத்து ‘இது சேமிப்பு, இது கட்டமைப்பு’ என்று தட்டில் பிரித்து வைக்க முடியாது. பிரிவினை செயலைப் பொறுத்தது: பராமரிப்பு கேட்பது கட்டமைப்பு, கேட்காதது சேமிப்பு.

இது வெறும் சொல் விளையாட்டு என்று தோன்றினால் முட்டையை நினைத்துப் பாருங்கள். அப்போதுதான் இட்ட முட்டையில் ஏறக்குறைய எல்லாமே சேமிப்பு, கட்டமைப்பு அணுவளவு. அவ்வளவு பெரிய முட்டை எவ்வளவு ஆக்சிஜன் இழுக்கிறது? கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. நாள் ஆக ஆகச் சேமிப்பு குறைகிறது, கரு வளர்கிறது, ஆக்சிஜன் தேவை ஏறிக்கொண்டே போகிறது. மொத்தத்தில் பொருள் குறைந்துகொண்டிருக்க மூச்சு மட்டும் கூடுகிறது. மூச்சு விடுவது மொத்த எடை என்றால் இதை விளக்கவே முடியாது. மூச்சு விடுவது கட்டமைப்பு என்றால் விளக்கமே தேவையில்லை. இந்தக் கோட்பாட்டை நான் நம்பத் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

கப்பா விதி என்ன சொல்கிறது?

சேமிப்பிலிருந்து வெளியேறும் ஆற்றல் ஒரு கிளைவாய்க்காலில் பிரிகிறது. கப்பா என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கும் பங்கு உடல் பராமரிப்புக்கும் வளர்ச்சிக்கும் போகிறது. மீதி, முதிர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும். இந்தப் பங்கு வாழ்நாள் முழுவதும் மாறாது என்பது விதி. கப்பா 0.8 என்றால் நூறில் எண்பது முதல் வாய்க்காலில் ஓடும். அங்கே பராமரிப்புக்கு முதலில் கொடுத்தாக வேண்டும், மிஞ்சியதுதான் வளர்ச்சிக்கு.

எதற்கு இப்படி ஒரு விதி? வளர்ச்சியும் இனப்பெருக்கமும் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். அப்படியானால் டாஃப்னியா முட்டையிடத் தொடங்கியதும் அதன் வளர்ச்சி சட்டென்று தொய்ய வேண்டும், ஏனென்றால் முட்டைக்குப் போகும் ஆற்றல் கொஞ்சநஞ்சம் அல்ல. ஆனால் அதன் வளர்ச்சி வளைவில் அந்த இடத்தில் மடிப்பே இல்லை, வழுவழுவென்று போகிறது. கப்பா விதி சொல்லும் விளக்கம்: அந்தப் பங்கு முன்பே தனியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பருவமடையும்வரை முதிர்ச்சிக்குப் போனது, இப்போது முட்டைக்குப் போகிறது. வளர்ச்சியின் வாய்க்காலை யாரும் தொடவே இல்லை.

இதற்கு ஓர் ஒட்டுண்ணியே சாட்சி. குளத்து நத்தை ஒன்றில் தட்டைப்புழு ஒட்டுண்ணி புகுந்தால், நத்தை முட்டையிடுவதை நிறுத்திவிடுகிறது, வழக்கத்தைவிடப் பெரிதாகவும் வளர்கிறது. நோயுற்ற உயிர் பெரிதாவது வியப்பாக இருக்கும். ஆனால் ஒட்டுண்ணி கப்பாவைத் திருகி வைத்துவிட்டது, முட்டைக்குப் போக வேண்டிய ஆற்றலை உடலின் பக்கம் திருப்பிவிட்டது என்று பார்த்தால் இரண்டு அறிகுறிகளும் ஒரே செயலின் விளைவுகளாகத் தெரியும்.

வெப்பநிலைக்கு இதில் இடம் உண்டா?

கட்டாயம் உண்டு. உடலுக்குள் நடப்பவை வேதிவினைகள். சுவீடன் வேதியியலாளர் ஆர்ரேனியஸ் 1889-ல் வேதிவினைகளுக்குப் பயன்படுத்திய சமன்பாட்டையே இங்கேயும் பயன்படுத்துகிறார்கள். வெப்பம் மாறினால் வேகம் எவ்வளவு மாறும் என்பதைச் சொல்லும் ஆர்ரேனியஸ் வெப்பநிலை என்ற எண் 8000 கெல்வின் என்று கொண்டால், 20 பாகை செல்சியசில் நடப்பது 10 பாகையில் 0.38 மடங்கு வேகத்தில்தான் நடக்கும். அதாவது பத்துப் பாகை குறைந்தால் வாழ்க்கையின் வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைகிறது. ஒரு வரம்புக்கு மேல் சூடு போனால் நொதிகள் குலைந்து எல்லாம் சரியும், அதற்குத் தனித் திருத்தம் சேர்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. வெப்பநிலை வரவையும் பராமரிப்பையும் ஒரே விகிதத்தில் மாற்றுகிறது என்றால், இறுதி அளவு மாறாது. அது இரண்டுக்கும் உள்ள விகிதம்தானே. அங்கே போய்ச் சேரும் காலம்தான் மாறும். ஆனால் குளிரில் வளரும் பல உயிர்கள் நிஜமாகவே பெரிதாகின்றன. உணவு கிடைப்பது, ஆக்சிஜன் கிடைப்பது என்று இதற்குச் சொல்லும் காரணங்கள் பல, விவாதம் முடியவில்லை.

சுண்டெலியும் யானையும்: அந்த முக்கால் அடுக்கு விதி என்ன?

1883-ல் மாக்ஸ் ரூப்னர் வெவ்வேறு அளவு நாய்கள் வெளிவிடும் வெப்பத்தை அளந்து, அது உடற்பரப்புக்கு ஏற்ப இருக்கிறது என்றார். அதாவது எடையின் மூன்றில் இரண்டு அடுக்கு. 1932-ல் மாக்ஸ் கிளைபர் பல விலங்குகளின் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அடுக்கு அதைவிடக் கூடுதலாக, நான்கில் மூன்றுக்கு அருகில் வந்தது. ஓய்வில் இருக்கும் பாலூட்டிக்கு ஒரு நாள் செலவு, கிலோவில் சொன்ன எடையின் முக்கால் அடுக்கை 70-ஆல் பெருக்கினால் வரும் கிலோகலோரி என்பது இன்றும் வழங்கும் தோராய வாய்பாடு.

20 கிராம் சுண்டெலிக்கு இது ஏறக்குறைய 3.7 கிலோகலோரி. 4000 கிலோ யானைக்கு ஏறக்குறைய 35,000. யானை எடையில் 2 லட்சம் மடங்கு, செலவில் ஏறக்குறைய 9,500 மடங்குதான். ஒரு கிராம் சுண்டெலி, ஒரு கிராம் யானையைவிட இருபது மடங்குக்கு மேல் ஆற்றலை எரிக்கிறது.

ஏன் முக்கால்? 1997-ல் வெஸ்ட், பிரவுன், என்க்விஸ்ட் மூவரும் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். இரத்தக் குழாய்கள் கிளைத்துக் கிளைத்து உடலை நிரப்பும் வலையமைப்பின் வடிவியலே முக்கால் அடுக்கைத் தருகிறது என்பது அவர்கள் வாதம். 2001-ல் அதிலிருந்து ஒரு வளர்ச்சிச் சமன்பாட்டையும் எடுத்தார்கள். அழகான எண்ணம், பெரிய ஆய்வுப் படையையே அது கிளப்பிவிட்டது.

டெப் வேறு வழியில் வருகிறது. பெரிய இனங்கள், உடலில் ஒவ்வொரு துளிக்கும் அதிகச் சேமிப்பு வைத்திருக்கின்றன. சேமிப்பு எடையில் சேரும், பராமரிப்பு கேட்காது. ஆகவே பெரிய விலங்கின் ஒரு கிராமில் ‘சும்மா இருக்கும்’ பங்கு அதிகம், மூச்சு குறைவு. இது இனங்களை ஒப்பிடும்போது. ஒரே இனத்தில் குட்டியையும் பெரியதையும் ஒப்பிட்டால் காரணம் வேறு: குட்டி வளர்ந்துகொண்டிருக்கிறது, வளர்ச்சிக்கென்றே ஆற்றல் எரிக்கிறது, அதனால் அதன் மூச்சு அதிகம். இரண்டு இடத்திலும் முக்காலுக்கு அருகில் ஓர் எண் வருகிறது, ஆனால் காரணங்கள் இரண்டு.

எனக்கு இரண்டாவது விளக்கமே நிறைவாக இருக்கிறது. முக்கால் என்பதை இயற்கை எங்கோ எழுதி வைத்த எண்ணாகக் கொள்ளாமல், கணக்கின் முடிவில் விழும் எண்ணாக அது காட்டுகிறது. அளவீடுகளில் அடுக்கு எல்லா இடத்திலும் சரியாக 0.75 ஆக வராமல் இருப்பதும் அப்போது உறுத்துவதில்லை.

பட்டினியை இந்தக் கணக்கு எப்படிப் பார்க்கிறது?

வரவு பூச்சியம், சேமிப்பு கரைகிறது. முதலில் வளர்ச்சி நிற்கும், பராமரிப்பு தொடரும். பெரிய இனத்துக்குச் சேமிப்பும் அடர்த்தி, அது கரைவதும் மெதுவு, அதனால் நீண்ட நாள் தாங்கும். ஆண் எம்பரர் பெங்குவின் இணைசேரும் காலத்திலிருந்து முட்டை பொரியும்வரை ஏறத்தாழ நான்கு மாதம் உண்ணாமல் இருப்பது இந்தச் சேமிப்பின் பலத்தில்தான்.

பராமரிப்புக்கே சேமிப்பு போதாத நிலை வந்தால் என்ன ஆகும் என்பதில் எல்லா உயிருக்கும் ஒரே விதி கிடையாது. சில, இனப்பெருக்கக் கையிருப்பை உடைத்து உண்ணும். சில, கட்டமைப்பையே கரைத்துச் சுருங்கும். கலாபகஸ் தீவுகளின் கடல் இகுவானாக்கள் எல் நினோ ஆண்டுகளில் பாசி கிடைக்காமல் உடல் நீளத்திலேயே 20 சதவீதம்வரை சுருங்கியது 2000-ல் பதிவானது. எடை குறைவது வேறு, முதுகெலும்புள்ள பிராணி நீளத்தில் குறைவது வேறு. கணித மாதிரி எழுதுபவர், தான் ஆராயும் உயிர் பட்டினியில் என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டுதான் அந்தச் சமன்பாட்டை எழுத வேண்டும்.

நச்சுப் பொருள் ஆய்வில் இதனால் என்ன பயன்?

கோட்பாடு பிறந்ததே அங்கேதான். வழக்கமான சோதனையில் 21 நாள் கழித்து எத்தனை குஞ்சுகள் குறைந்தன என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கை சோதனை எத்தனை நாள், உணவு எவ்வளவு என்பதற்கேற்ப மாறிவிடும். டெப் கேட்பது, நச்சு கணக்கின் எந்த வரியைத் தொட்டது என்று. செரித்துச் சேர்ப்பதைக் குறைத்ததா? அப்படியானால் வளர்ச்சி தளரும், இறுதி அளவு குறையும், முதல் முட்டை தாமதமாகும். ஒரு முட்டைக்கு ஆகும் செலவை உயர்த்தியதா? வளர்ச்சி கொஞ்சமும் மாறாது, முட்டை மட்டும் குறையும். பராமரிப்புச் செலவை ஏற்றியதா, வளர்ச்சிச் செலவை ஏற்றியதா, கருவையே கொன்றதா? ஒவ்வொன்றும் வளைவில் தன் தடத்தை விட்டுப்போகும். நீளத்தையும் முட்டையையும் சேர்த்து, நாள் விடாமல் அளந்திருந்தால் அந்தத் தடத்தைப் படிக்க முடியும். எந்தச் செறிவுக்குக் கீழே பாதிப்பே இல்லை என்ற வரம்பையும் இதில் மதிப்பிடலாம்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் இத்தகைய மாதிரிகளை ஆராய்ந்தது. உயிர் பிழைப்பைக் கணிக்கும் எளிய மாதிரிகள் ஒழுங்குமுறைப் பயன்பாட்டுக்குத் தயார் என்றது. டெப் வழி மாதிரிகளுக்கு நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் அவை இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை என்றது. நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

செடிகள், பாக்டீரியாக்கள்?

கோலாக நீளும் பாக்டீரியாவும் இழையாக வளரும் பூஞ்சையும் கனசதுரக் கணக்கிலிருந்து தப்பிவிடுகின்றன. தடிமன் மாறாமல் நீளம் மட்டும் கூடினால் பரப்பும் கன அளவும் ஒரே விகிதத்தில் ஏறும். வரவு ஒருபோதும் செலவிடம் தோற்காது. அதனால்தான் அவை இரட்டித்து இரட்டித்துப் பெருக முடிகிறது.

செடி கடினம். அது ஒரே உணவை உண்பதில்லை: கரியை இலை எடுக்கிறது, நைட்ரஜனை வேர் எடுக்கிறது. ஒரு சேமிப்பு போதாது, குறைந்தது இரண்டு வேண்டும். வேரும் தண்டும் தனித்தனிக் கட்டமைப்புகள். எழுத முடியும், ஆனால் நிரப்ப வேண்டிய எண்கள் பெருகிவிடும்.

மனிதர்களுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாமா?

எடைக் குறைப்புத் திட்டம் போட இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். மனித வளர்ச்சியில் பதின்வயதில் ஒரு திடீர்ப் பாய்ச்சல் உண்டு. பெர்ட்டலான்ஃபி வளைவில் அதற்கு இடமே இல்லை.

ஓர் இனத்துக்கு மாதிரி அமைக்க என்ன தரவு வேண்டும்?

பயப்படும் அளவுக்கு வேண்டாம். பிறப்பில், பருவமடைகையில், முழு வளர்ச்சியில் நீளமும் எடையும், அந்தந்தக் கட்டத்தின் வயது, வாழ்நாள், நன்றாக உண்ணும்போது இனப்பெருக்க வீதம். இவை எந்த வெப்பநிலையில் அளக்கப்பட்டவை என்பது மிக முக்கியம். வெப்பநிலை குறிக்காத வயதுத் தரவு பாதித் தரவுதான். இவற்றோடு ஒரு வளர்ச்சி வளைவும், முடிந்தால் மூச்சு அளவீடும், இரண்டு வேறு உணவு அளவுகளில் எடுத்த தரவும் இருந்தால் மதிப்பீடு உறுதியாகும். உணவு அளவு ஒன்றே ஒன்று என்றால் சேமிப்பைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

‘ஆட் மை பெட்’ என்ற திறந்த தொகுப்பு 2009-ல் தொடங்கப்பட்டது. இன்று அதில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்கினங்களின் தரவும், அவற்றுக்கு மதிப்பிட்ட எண்களும், நிரலும் இருக்கின்றன. உங்கள் இனம் இல்லாவிட்டாலும் நெருங்கிய உறவினம் பெரும்பாலும் இருக்கும்.

இந்தக் கோட்பாட்டின் குறைகள்?

சேமிப்பையும் கட்டமைப்பையும் நேரடியாக அளக்க முடியாது என்பது முதல் குறை. நாம் அளப்பது நீளம், எடை, மூச்சு. மறைந்திருக்கும் எண்களை அவற்றிலிருந்து ஊகிக்கிறோம். தரவு குறைவாக இருந்தால் வேறு வேறு எண் கூட்டங்கள் ஒரே வளைவைத் தந்துவிடும், எது சரி என்று சொல்ல முடியாது. கப்பா நிலையானது என்ற விதி எல்லா உயிருக்கும் பொருந்தும் என்று நான் வாதாட மாட்டேன். அப்புறம் குறியீடுகள். புதிதாக வருபவர் முதல் வாரத்திலேயே மூச்சுத் திணறிப்போவார், அது தேவையில்லாத தடை. கோட்பாட்டின் எண்ணங்கள் அதன் எழுத்துமுறையைவிட எளிமையானவை.

ஆனால் ‘எண்கள் அதிகம்’ என்ற குற்றச்சாட்டை நான் ஏற்க மாட்டேன். கரு, வளர்ச்சி, மூச்சு, முட்டை, பட்டினி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வளைவு பொருத்தினால் அதைவிட அதிக எண்கள் ஆகும், அவற்றுக்குள் தொடர்பும் இருக்காது.

நானே கணினியில் செய்து பார்க்க வேண்டும், எங்கே தொடங்குவது?

விரிதாளில் தொடங்குங்கள். மேலே சொன்ன கனசதுரத்தை எடுத்து, ஒவ்வொரு வரியும் ஒரு நாள் என்று வையுங்கள். வரவிலிருந்து செலவைக் கழித்து, மிச்சத்தில் ஒரு சிறு பங்கைக் கன அளவில் கூட்டுங்கள். சில நூறு வரிகளில் வளைவு தானாக வளைவதைப் பார்ப்பீர்கள்.

அது சரியாக வந்த பிறகு சேமிப்புக்கு ஒரு நெடுவரிசை சேருங்கள். உணவு சேமிப்புக்குள் போகட்டும். சேமிப்பிலிருந்து ஒரு பங்கு வெளியே வரட்டும். அதை 0.8, 0.2 என்று பிரித்து, பெரிய பங்கில் பராமரிப்பை முதலில் கழித்து, மிச்சத்தை வளர்ச்சிக்குக் கொடுங்கள். சேமிப்பு எதிர்மறையாகப் போனால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் உங்கள் காலப்படி பெரிதாக இருக்கும். நாளைப் பத்தாகப் பிரித்துப் பாருங்கள்.

பிறகு நூறாவது நாளில் உணவைப் பூச்சியமாக்குங்கள். முதல் விரிதாளில் உடல் அன்றே குலையும். இரண்டாவதில் அது இன்னும் சில நாள் வளரும்.